நாற்பத்தொரு தடவை ‘ஆயிருச்சு’

சகோதரிகள் எல்லோருக்கும் என் சலாம். எங்கள் வீட்டில் நடந்ததை எழுதித் தரும்படி பெண்கள் தஃலீம் வகுப்பில் பலரும் கேட்டீர்கள். என் மகள் சுமையாவிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்கம்மா. ஆனா நா அழுததக் கொஞ்சம் கொறச்சு எழுதுங்க” என்றாள். அதை மட்டும் குறைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் என் டைரியில் இருக்கிறபடி.

டிசம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை. சுமையாவுக்குப் பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் அன்று கணக்குப் பாடம். காலை 5:10க்கு சுபுஹுத் தொழுகைக்காக ஒளு செய்யக் குளியலறைக்குள் போனாள். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை கழுவி, தலையைத் தடவி, காலைக் கழுவ மூன்று நிமிடம் போதும். 5:40க்குக் கதவைத் தட்டினேன். “இந்தா வாரேன்” என்றாள். 6:15க்குத் தட்டினேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பொழுது விடிந்து தொழுகை நேரமும் போய்விட்டது. 7:55க்கு வெளியே வந்தாள்.

விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. விரல் முட்டிகளில் தோல் வெடித்து ரத்தம் கசிந்தது. அப்படியே கூடத்தில் உட்கார்ந்தாள். “எந் தொழுக எதுவுமே அல்லாட்ட போயிருக்காதும்மா. ஒளு சரியில்லாம தொழுதது அம்புட்டும் பாவம். இனிமே நா தொழுகல” என்றாள். அழவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உடுத்துவதும் பை எடுத்து வைப்பதும் திரும்பத் திரும்ப நடந்து, பள்ளிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது தேர்வு தொடங்கி ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. பாதித் தாள் வெள்ளையாக இருந்தது. வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு, “இது எங்க பரீட்சை, உள்ள விட்டுட்டோம். மார்ச்சுல பப்ளிக். அங்க இப்படி வந்தா வாசல்லயே நிறுத்திருவாங்க. பாத்துக்கங்க” என்றார். மார்ச்சுக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

இது எப்படி இந்த அளவுக்கு வந்தது என்று சொல்ல வேண்டும். அதில் என் தவறும் இருக்கிறது.

சுமையா எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒளுவுக்குக் கூடுதல் நேரம் எடுக்க ஆரம்பித்தாள். உறவுக்காரர்கள் பார்த்துவிட்டு, “இந்த வயசுல இம்புட்டுப் பேணுதலா! ஒம் மக கொடுத்து வச்சவ மைமூனு” என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் டைரியில் என் கையெழுத்திலேயே இருக்கிறது: ‘மதிய லுஹருக்கு சுமையா பதினைந்து நிமிடம் ஒளு செய்தாள். மாஷா அல்லாஹ்.’ மற்றக் குடும்பத்தில் பிள்ளை கை கழுவிக்கொண்டே நின்றால் உடனே என்னவென்று கேட்டிருப்பார்கள். நாங்கள் அதற்குப் பக்தி என்று பெயர் வைத்துவிட்டோம்.

பதினைந்து நிமிடம் முப்பதானது. அப்புறம் புத்தகப் பை, சீருடை, எழுத்து என்று எல்லாவற்றிலும் புகுந்தது. ஒரு வரி எழுதுவாள், சரியில்லை என்று அழிப்பாள், மறுபடி எழுதுவாள். தாள் ஓட்டையாகும்வரை அழிப்பாள். என் கணவர் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்க்கிறார். வேலை முடிந்து வந்தால் அவர் குளிக்கும்வரை சுமையா அந்தப் பக்கம் வரமாட்டாள். அவர் தொட்ட கதவுத் தாழ்ப்பாளைத் தொடமாட்டாள். அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பின்பக்கமாக வந்து, குளித்து, உடுத்து, அப்புறம்தான் “தாயி” என்று கூப்பிடுவார்.

தன் கண்ணையே நம்ப முடியாமல் போனபோது சுமையா என்னைக் கூப்பிட்டாள். “அம்மா, செத்த நேரம் இங்க நின்னு பாருங்க. வலது கை ஆயிருச்சா?” நான் பள்ளி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் ஒரு புள்ளி தவறினாலும் எனக்குத் தூக்கம் வராது. இந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமானவள் யார்? குளியலறை வாசலில் நின்று, “வலது கை ஆயிருச்சு. இடது கை ஆயிருச்சு. கால் ஆயிருச்சு” என்று சொன்னேன். அதுவும் போதாமல் போனது. “நீங்க பாக்காம சும்மா சொல்றீங்களோ” என்றாள். அதனால் டைரியில் எழுதி வைத்தேன். அவள் வந்து படித்துப் பார்ப்பாள். சமாதானமாவாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி வந்து படிப்பாள்.

செய்யாதது ஒன்றுமில்லை. ஓதிப் பார்த்தோம். ஓதிய தண்ணீர் கொடுத்தோம். கெஞ்சினேன், திட்டினேன். ஒருநாள் கை ஓங்கிவிட்டேன். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த துஆ, ‘யா அல்லாஹ், இவளுடைய ஒளுவைச் சீக்கிரம் முடித்துக் கொடு’ என்பதுதான். அன்று அதைக் கேட்க வாய் வரவில்லை. “ரப்பே, எனக்குத் தெரிந்ததெல்லாம் செய்துவிட்டேன். எனக்குத் தெரியாததைக் காட்டு” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் ஸஜ்தாவில் கிடந்தேன்.

தலையைத் தூக்கியபோது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார நூர்ஜஹான் அக்கா.

“ஏன்டி மைமூனு, ஒம் மக ஒளு செய்யிறாளா, இல்ல ஆத்தூர் டேமத் தொறந்து விடுறாளா? காலைல ஏத்துன டேங்கு லுஹருக்குள்ள காலி! நாங்க என்ன மண்ணுல கையத் தட்டித் தயம்மும் செஞ்சா தொழுகுறது? அதுக்கும் வாசல்ல மண்ணு இருக்கா? டைல்ஸப் போட்டுத் தொலச்சாச்சு!”

பள்ளியிலிருந்து திரும்பியிருந்த சுமையா அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க வந்தாள். அக்கா அவள் கையைப் பார்த்தார். குரல் அப்படியே இறங்கிவிட்டது.

“என்னடி கை இது? காட்டு தாயி.” இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மைமூனு, இது பேணுதல் இல்லடி, வியாதி. எங்கண்ணன் மகளுக்கு இருந்துச்சு. அவளுக்குப் பூட்டு. பூட்டுன பூட்ட முப்பது தடவ இழுத்துப் பாப்பா. வைத்தியம் பாத்துத்தான் சரியாச்சு. இப்ப பழனிப் பக்கம் வாக்கப்பட்டு நல்லாருக்கா. ஹஜ்ரத்துகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போடி.”

போகும்போது, “மோட்டார நா போடுறேன். நீ அழாத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சகோதரிகளே, நான் துஆ கேட்டு முடித்துப் பத்து நிமிடம் ஆகியிருக்காது. பதில் இப்படி, தண்ணீர்த் தொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டு படியிறங்கி வரும் என்று நான் நினைக்கவேயில்லை. வாசலில் நின்று திட்டியதற்காக அன்று நான் கதவைச் சாத்தியிருந்தால், அந்தப் பதிலையும் சேர்த்துத்தான் சாத்தியிருப்பேன்.

அன்று மாலை அஸருக்குப் பிறகே நானும் என் கணவரும் சுமையாவைக் கூட்டிக்கொண்டு எங்கள் மஹல்லாப் பள்ளிவாசல் ஹஜ்ரத் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி எங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சுமையாவே பேசினாள். “ஒரு எடம் நனையாம விட்டாலும் ஒளு கூடாது, செல்லாதுன்னுதான ஹஜ்ரத் மதரஸாவுல ஓதிக் கொடுத்தீங்க?”

“ஆமா, கொடுத்தேன். நீ எத்தன தடவ கழுவுற?”

“தெரியல. எண்ணும்போதே மறந்துரும். திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிப்பேன்.”

அவர் சிரிக்கவில்லை. “நாங்க ஓதுற காலத்துல ஒருத்தன் இருந்தாம்மா. பள்ளிவாசல் ஹவுளுத் தொட்டிக் கரையில உக்காந்தான்னா ஜமாஅத் தொழுகயே முடிஞ்சு எல்லாரும் வெளிய வந்துருவோம், அவன் இன்னும் கால நனச்சுக்கிட்டு இருப்பான். எப்பவாச்சும் சந்தேகம் வர்றவங்களுக்கு ஒரு சட்டம். ஓயாம சந்தேகம் வர்றவங்களுக்கு வேற சட்டம். அவங்க அந்தச் சந்தேகத்தக் காதுல போட்டுக்கவே கூடாது. ஒனக்கு ரெண்டாவது சட்டம். ஒவ்வொண்ணும் மூணு தடவ. வெளிய வந்துரு. சந்தேகமும் கூடவே வந்தா, அதையும் கூட்டிக்கிட்டே முஸல்லாப் பாயில நில்லு.”

“அப்படித் தொழுதா கூடுமா?”

“கூடும்.”

“கண்டிப்பா கூடுமா?”

“கூடும். மூணாவது தடவ கேட்டீன்னா நா பதில் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டு என் கணவரிடம் திரும்பினார். “நம்ம கிதாபுல இதுக்கு வஸ்வாஸ்னு பேரு. ஆனா இவளுக்குச் சட்டம் தெரியாம இல்ல. வண்டியில பிரேக் பிடிக்கல. அதுக்கு மெக்கானிக் நா இல்லங்க. டாக்டர்ட்ட காட்டுங்க. காட்டுறது அல்லா மேல நம்பிக்க வைக்கிற தவக்குலுக்கு மாத்தமில்ல.”

திங்கட்கிழமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனோம். வரிசையில் 8:40 முதல் 11:25 வரை உட்கார்ந்திருந்தோம். தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று நான் முகத்தை மூடிக்கொண்டேன். மருத்துவர் ஒரு பெண்மணி. சுமையாவிடம் தனியாக முக்கால் மணி நேரம் பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். இது ஓ.சி.டி. என்ற நோய் என்றார். பிடிவாதமில்லை, நம்பிக்கைக் குறைவுமில்லை, மூளை ஒரே சந்தேகத்தில் மாட்டிக்கொள்கிறது என்றார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“பாப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை உங்ககிட்ட ‘ஆயிருச்சா’ன்னு கேக்குது?”

நான் பையிலிருந்து டைரியை எடுத்தேன். “நேத்து நாப்பத்தொண்ணு, டாக்டர். தொழுகய விட்டும் கழுவுறதும் கேக்குறதும் நிக்கல.”

“எண்ணியே வச்சிருக்கீங்களா! சரி, நீங்க எத்தனை தடவை ‘ஆயிருச்சு’ன்னு சொன்னீங்க?”

“அம்புட்டுத் தடவையும்.”

“அப்ப நேத்து அந்த நோய்க்கு நாப்பத்தொரு தடவை சோறு போட்டிருக்கீங்கம்மா. மாத்திரை நான் தரேன். சோறு போடுறதை நீங்கதான் நிறுத்தணும்.”

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் கால்கடுக்க நின்ற தாயைப் பார்த்து இப்படியா சொல்வது என்று கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து டைரியைப் புரட்டினேன். ஒரு வருடத்துக்கு முன் ஒரு நாளைக்கு ஆறு. ஆறு மாதத்துக்கு முன் பதினெட்டு. இப்போது நாற்பத்தொன்று. நான் பதில் சொல்லச் சொல்லக் கேள்வி கூடியிருந்தது. என் கணக்கே எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

மாத்திரையோடு வாராவாரம் பயிற்சியும் ஆரம்பித்தது. சந்தேகம் வரும்போது கழுவாமல், கேட்காமல், அந்தத் தவிப்போடு இருந்து பழக வேண்டும். தவிப்பு ஏறும், ஏறி, தானாக இறங்கும். அப்போது மனதுக்குள் சொல்லிக்கொள்ள ஒரு சொல்லை சுமையாவே தேர்ந்தெடுக்கட்டும் என்றார் மருத்துவர். அவள் யோசித்துவிட்டு, “இருக்கட்டும்” என்றாள்.

“ஏன் அது?”

“கல்யாண வீட்ல பிரியாணி வைக்கிறவங்க இன்னொரு கரண்டியோட வந்து நிப்பாங்கல்ல? வயிறு முட்டியிருக்கும், இருந்தாலும் வைப்பாங்க. அப்ப தட்டுக்கு மேல கைய மறச்சு ‘இருக்கட்டும், இருக்கட்டும்’னு சொல்லுவோம்ல. இந்தச் சந்தேகமும் அப்படித்தான் டாக்டர், கரண்டியத் தூக்கிட்டே வருது.”

மருத்துவர் விழுந்து விழுந்து சிரித்தார். “திண்டுக்கல் பொண்ணுல்ல!” என்றார். சுமையாவும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது என் டைரியில் இல்லை. அதை நான் குறித்து வைக்கவேயில்லை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது எளிது. அரையாண்டு விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை அதைச் சோதித்துப் பார்க்கும் நாள் வந்தது. மாத்திரை வேலை செய்யச் சில வாரம் ஆகும் என்றிருந்தார்கள். அன்றுவரை அவள் தொழவில்லை. பன்னிரண்டு நாள். அன்று தானாகவே, “லுஹர் தொழுது பாக்குறேம்மா” என்றாள். 12:40க்கு உள்ளே போனாள். 12:55க்குக் கூப்பிட்டாள்.

“அம்மா, வலது கை ஆயிருச்சா?”

“அதுக்கு நா பதில் சொல்லப் போறதில்லம்மா. பேசி வச்சிருக்கோம்ல.”

“இன்னைக்கு ஒரு நாள் மட்டும்மா!”

அவள் கெஞ்சினாள். டைரியைக் காட்டச் சொன்னாள். கதவை உள்ளிருந்து தட்டினாள். “ஒங்களுக்கு எம்மேல பாசமே இல்ல” என்று கத்தினாள். குறைத்து எழுதச் சொன்னது இந்த இடத்தைத்தான். நான் வாசலை விட்டு நகர்ந்து கூடத்துச் சுவரில் சாய்ந்து துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் கணவர் சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவாமலே நின்றுவிட்டார்.

“மைமூனு, ஆயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. புள்ள கதறுது.”

“சொல்ல மாட்டேன்.”

“நாஞ் சொல்றேன் அப்ப.”

“நீங்க சொன்னா நாளைக்கு எண்பதாகும்ங்க. உக்காருங்க. துஆ கேளுங்க.”

அவர் உட்கார்ந்தார். அழுதார். நான் ஓதிக்கொண்டே இருந்தேன். என் துஆ அன்று மாறியிருந்தது. ‘இவளுக்குச் சீக்கிரம் முடித்துக் கொடு’ என்று கேட்கவில்லை. ‘என் வாயைக் கட்டு, என் நெஞ்சுக்கு வலுவைக் கொடு’ என்று கேட்டேன். 1:52க்குத் தண்ணீர் நின்றது. கதவு திறந்தது. சுமையா எங்கள் யாரையும் பார்க்காமல், ஈரக் கையோடு, தேம்பிக்கொண்டே போய் முஸல்லாவை விரித்து நின்றாள். முதல் தக்பீர் சொல்லிக் கையைக் கட்டினாள். சந்தேகம் கூடவேதான் இருந்ததாம். “இருந்துச்சும்மா. மூணாவது ரக்அத்துல கொஞ்சம் தள்ளி நின்னுச்சு” என்றாள் பிறகு.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. அந்த வாரம் கேள்விகள் அறுபதைத் தாண்டின. மருத்துவர் அப்படித்தான் ஆகும் என்றிருந்தார். ஜனவரி முடிவில் ஒரு ஒளு இருபத்திரண்டு நிமிடம். பிப்ரவரி நடுவில் பதினான்கு. பிறகு ரமலான் வந்தது. வாய் கொப்பளித்த தண்ணீர் தொண்டைக்குள் போயிருக்குமோ, நோன்பு முறிந்திருக்குமோ என்று புதுச் சந்தேகம் முளைத்தது. நான்கே நாளில் நிமிடம் ஐம்பதுக்குப் போய்விட்டது. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மறுபடி இடிந்துபோனேன். சுமையாதான், “ஹஜ்ரத் சொன்ன ரெண்டாவது சட்டம் நோன்புக்கும் உண்டும்மா” என்றாள். மாத்திரையை நோன்பு திறந்தபின் சாப்பிடும்படி மருத்துவர் மாற்றிக் கொடுத்தார். நூர்ஜஹான் அக்கா தினமும் மாடியிலிருந்து குரல் கொடுப்பார்: “டேங்கு முக்காவாசி இருக்குடி! அல்ஹம்துலில்லாஹ்!”

தமிழ்த் தேர்வு அன்று விடியுமுன் நோன்புக்கு சஹர் சாப்பிட்டுவிட்டு 5:20க்கு உள்ளே போனாள். நான் அடுப்படியை விட்டு வரவில்லை. 5:36க்கு வெளியே வந்தாள். பதினாறு நிமிடம். தொழுதாள், உடுத்தினாள், பையை ஒரே தடவை எடுத்து வைத்தாள். 8:45க்கு என் கணவர் வண்டியை எடுத்தார், அத்தாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல், “நல்லாப் பிடிச்சுக்க தாயி” என்றார். அவர் தோளில் கை வைத்துக்கொண்டாள். தேர்வு அறைக்கு முதலில் போய்ச் சேர்ந்தவர்களில் அவளும் ஒருத்தி.

மதியம் வந்ததும் நான் பொறுக்காமல் கேட்டேன். “எல்லாக் கேள்வியும் எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“எல்லாமே? கடைசி கேள்வி?”

“அம்மா, இப்ப நீங்கதான் கேக்குறீங்க. நா ஒரு தடவதான் பதில் சொல்லுவேன். டாக்டர் ஆர்டர்!”

எல்லாப் பாடத்திலும் தேறினாள். பெரிய மதிப்பெண் இல்லை. கணக்கில் ஐம்பத்தெட்டு. ‘இன்னும் வாங்கியிருக்கலாமே’ என்றார்கள் சிலர். அந்தத் தாள்களில் வெள்ளையாக ஒரு பக்கமும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

இப்போது பதினொன்றாம் வகுப்பு. மாத்திரை தொடர்கிறது. மாதம் ஒருமுறை மருத்துவமனைக்குப் போகிறோம். நான் முகத்தை மூடிக்கொள்வதில்லை. மோசமான நாட்கள் இன்னும் வருகின்றன. போன வாரம்கூட ஒரு நாள் முக்கால் மணி நேரமானது. மறுநாள் பத்து நிமிடத்தில் வந்தாள். முழுக்கக் குணமாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்ச் சாட்சியாகும். ஆனால் தொழுவதே இல்லை என்று சொன்ன பிள்ளை தொழுகிறாள். அத்தா வாங்கி வரும் வடையை அவர் கையிலிருந்தே பிடுங்கித் தின்கிறாள். இதற்கு நான் எத்தனை ஷுக்ரு செய்தாலும் போதாது.

நானும் மாறியிருக்கிறேன். சரியாக இருக்க வேண்டும் என்ற என் பிடிவாதத்தை இறையச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வேறு. நம்மைப் படைத்தவன் நம் முழங்கையில் ஒரு சொட்டுக் குறைந்ததா என்று பார்த்துக்கொண்டு நிற்பவன் இல்லை. அவன் ரஹ்மான், அளவற்ற அருளாளன். இதை நான் ஆயிரம் முறை ஓதியிருக்கிறேன். என் மகளோடு அந்தக் குளியலறை வாசலில்தான் படித்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கலாம். ஒளுவாக இருக்கலாம், பூட்டாக இருக்கலாம், கேஸ் அடுப்பாக இருக்கலாம். அடிக்காதீர்கள், மெச்சவும் செய்யாதீர்கள். அல்லாஹ்விடம் அழுது கேளுங்கள். கேட்டுவிட்டுத் தேடிப் போங்கள். மருத்துவமனைக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நான் கூட வந்து வரிசையில் உட்காருகிறேன். போன மாதம் சித்தையன்கோட்டையிலிருந்து ஒரு சகோதரி மகளோடு வந்தார். அந்தப் பெண்ணும் சுமையாவும் அரை மணி நேரம் தனியாகப் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

இன்னும் எழுத நிறைய இருக்கிறது. அஸருக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். நான் இந்தப் பக்கத்தின் ஓரம் நேராக இருக்கிறதா என்று மறுபடி சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். சுமையா ஒளு செய்து, தலைமுக்காடு போட்டு, முஸல்லாக்களை விரித்து வைத்துவிட்டு, அறை வாசலில் வந்து நிற்கிறாள்.

“எம்புட்டு நேரம்மா? நா எப்பவோ ரெடி. வாங்க.”